வியாழக்கிழமைக் கட்டம்

பெருமாள்மலைக்கு இரண்டு வளைவு பாக்கி இருந்தபோது மழை பிடித்தது. பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்தேன். மலை ஏறும் வண்டிகள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தன. கால்நடையாக இறங்குகிறவன் நான் ஒருவன்தான். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். செருப்பு உறுதியாக இருந்தது. இதைவிட மோசமான நிலையில் எத்தனையோ இடங்களைவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் போல இருந்தது.

முக்கில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். எங்கிருந்து வருகிறேன் என்று கடைக்காரர் கேட்டார். ஏரிச் சாலைக்குக் கீழே சந்துக்குள் எண்ணெய் தேய்த்துவிடுவது, ஆவி பிடிப்பது, சருமத்துக்குத் தைலம் விற்பது என்று ஒரு இடம் இருக்கிறதே, அங்கே ஐந்து மாதம் வேலை பார்த்தேன் என்றேன்.

“மிஸ்கிட்டயா இருந்த? ஏலே, அப்ப மணி அடிச்சாத்தான் சோறு போட்டிருப்பாங்க.”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவருடைய மகள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மிஸ் ஆபீஸ் வேலையில் இருந்தாராம். ஒரு வருடம் புயலில் மரங்கள் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. கரண்டில் அடிக்கும் மணி ஊமையாகிவிட்டது. மிஸ் வராந்தாவில் ஒரு இரும்புத் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எட்டு பீரியடுக்கும் சுத்தியலால் அடித்தாராம். மொத்தப் பள்ளிக்கும் ஒரு வகுப்பளவு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள்.

“இத்தனூண்டு பிள்ளைகளுக்கு எதுக்கு மிஸ் மணின்னு கேட்டேன். மணி ஆயிருச்சே, அதுக்குத்தான்னாங்க,” என்றார் கடைக்காரர்.

நான் டீயைக் குடித்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்த ஆளும் அதே ஆள்தான்.

நான் அப்படி மலை இறங்கி மூன்று வருடம் ஆகிறது.

மிஸ் ஒரு நாளும் பாடம் எடுத்தவர் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து எந்த வகுப்புக்கு எந்த நேரம் யார் போக வேண்டும் என்று கால அட்டவணை போட்டவர். ஆனாலும் கொடைக்கானலில் பாதிப் பேருக்கு அவர் மிஸ்தான். எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர். சாம்பல் நிற ஸ்வெட்டர், அதன் பையில் ஒரு பேனா, ஒரு பென்சில், ஒரு அடி ஸ்கேலைப் பாதியாக ஒடித்த துண்டு. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையைத் திருப்பினார் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் மன்னவனூரில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்து, அது பிடிக்காமல் டவுனுக்கு வந்த ஐப்பசி மாதம் அது. விறகு அடுப்பில் வெந்நீர் போட ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லிப் போனேன். எந்த ஊர், என்ன சாதி, குடிப்பாயா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஒரு அண்டா நீர் கொதிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டார். விறகைப் பொறுத்தது என்றேன். உள்ளே போய் ஒரு பழைய அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அதுதான் என்னை வேலைக்கு எடுத்ததற்கு அடையாளம்.

மூன்று அறை கொண்ட ஓட்டு வீடு. ஒன்றில் எண்ணெய்க் கட்டில். ஒன்றில் ஆவிப் பெட்டி. மூன்றாவதில் ஊரைச் சுற்றிப் பார்த்துக் கால் நோகிறவர்கள் தைல வெந்நீரில் கால் வைத்து உட்கார பெஞ்சு. பட்டர் ஃப்ரூட் எண்ணெயையும் தேன்மெழுகையும் சேர்த்து மிஸ்ஸே ஒரு தைலம் காய்ச்சுவார். பள்ளிக்கூட வேலையை விட்டபோது கைக்கு வந்ததை எல்லாம் இதில் போட்டிருந்தார். ராணி என்று மன்னவனூர்ப் பெண் ஒருத்தி எண்ணெய் தேய்க்கும் வேலைக்கு இருந்தாள். பின்கட்டு அறையில் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போய்வருவாள். அவ்வளவுதான் கடை.

முன்னறைச் சுவரில் பெரிய சார்ட் தாள் ஒட்டியிருக்கும். அதில் மிஸ் மாதம் முழுவதற்கும் கட்டம் போட்டிருப்பார். பார்த்ததும் பள்ளிக்கூட டைம் டேபிள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், இன்ஸ்டாவில் என்றைக்கு எதைப் போடுவது என்ற கணக்கு. திங்கள், எண்ணெய். செவ்வாய், பாதம். புதன், ஆவி. வியாழன், வந்தவர்கள் சொன்னது. வெள்ளி, தைலம் காய்ச்சுவது. சனி, மலை. ஞாயிறு காலி. போடும் நேரம் எல்லா நாளும் காலை பத்து மணி.

முதலில் எல்லாக் கட்டத்திலும் பென்சிலால் எழுதுவார். அந்த விஷயம் நிஜமாக நடந்து, படமும் எடுத்த பிறகுதான் அதன்மேல் பேனாவால் எழுதுவார். நடக்காதது பென்சிலோடு நின்றுவிடும். அந்த நாள் பத்து மணிக்கு எதுவும் போகாது.

அவருடைய அக்கா மகள்தான் முன்பு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டாள். ராணி கையில் போனைக் கொடுத்தால் சிரித்துச் சிரித்து எல்லாம் ஆடிப்போகும். அதனால் வெந்நீர் நேரம் போக மிச்ச நேரத்தில் போன் என் கைக்கு வந்தது. ஒன்பதாவது பாதியில் நின்றவன் நான். தமிழில் தட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு வரிக்கு நாலு பிழை இருக்கும். திட்டமாட்டார். திருத்தவும் மாட்டார். “இன்னொரு தடவை படி,” என்பார். நானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். எனக்கு அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

படம் எடுப்பதும் அப்படித்தான். ஒரு கிண்ணத்தில் எண்ணெய் விழுவதைப் பதினாலு தடவை எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை மலைக் கட்டத்துக்கு விடியற்காலையே போய் நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மேகமே இல்லாமல் சுள்ளென்று வெயில். முந்தின வாரம் நான் எடுத்த பஞ்சு மாதிரி மஞ்சு மூடிய மலைப் படம் போனில் இருந்தது. அதைப் போடலாம் என்றேன். மஞ்சைப் பார்த்துவிட்டு ஒருத்தர் இன்றைக்கு வண்டி பிடித்து வந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது என்று மிஸ் கேட்டார். காய்ந்த புல்லையும் வெயிலையும் எடுத்துப் போட்டோம். அதை எட்டுப் பேர் பார்த்தார்கள். அதில் நானும் ராணியும் உண்டு.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பையன் வந்தான். ஓட்டல்களுக்கு விளம்பரம் பார்த்துக் கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைதான் ஜனங்கள் அதிகமாகப் போன் பார்ப்பார்கள், அதைக் காலியாக விடலாமா என்றான். பார்க்கட்டும், நான் சர்ச்சில் பூசைக்குப் போகிறேன் என்றார் மிஸ். வந்தவர்கள் சொன்னதாக எழுதிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், முகம் முன்னே எப்படி இருந்தது, பின்னே எப்படி ஆனது என்று ஜோடிப் படங்களும் கிடைக்கும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டு படத்தைக் காட்டினான். மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்தம்மா யாருப்பா?”

“தெரியல மேடம். யாரோ ஃபாரின்.”

“நம்ம ஊருக்கு டூர் வந்து, இந்தப் படத்தைப் பாத்துட்டு, நான் எப்பம்மா உன்கிட்ட வந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

பையன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். அவர் உள்ளங்கையைத் திருப்பி மணி பார்த்தார். அவனுக்குப் புரியவில்லை. நான்தான் எழுந்து அவன் செருப்பை எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்கு ஒரு ஜோடிக் கால் தேவைப்பட்டது. மார்கழிக் குளிரில் ஆள் வரத்து இல்லை. ராணி மாட்டேன் என்றுவிட்டாள். என் கால்தான் மிச்சம். ஊர் ஊராக நடந்த கால். குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு நிற்கும் அளவுக்கு வெடிப்பு. மிஸ் முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து என் காலைத் தொட்டியில் வைத்தார். நான் இழுத்துக்கொண்டேன். பெரிய வியாழக்கிழமை பூசையில் சாமியாரே பன்னிரண்டு பேர் காலைக் கழுவுகிறார், நீ சும்மா இரு என்றார். ராணி சிரிக்காமல் போனைப் பிடிக்கும்வரை ஆறு தடவை கழுவினார். ஆறு தடவையும் தண்ணீர் கறுத்தது.

பதினைந்து நாள் தினமும் காலுக்குத் தைலம் தடவச் சொன்னார். பிறகு இன்னொரு படம். அதற்குக் கீழே என்னையே தட்டச் சொன்னார். “இது எங்கள் கடையில் வேலை செய்பவரின் கால். பதினைந்து நாளில் வெடிப்பு பாதி ஆறியிருக்கிறது. பாதி ஆறவில்லை.”

அந்தக் கடைசி வரி வேண்டாம் மிஸ் என்றேன். பாதி கெடக்குதே தம்பி, கண்ணுக்குத் தெரியுதே என்றார். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு ஆளும் வரவில்லை.

வியாழக்கிழமைக் கட்டம் தை மாதம் முழுக்கப் பென்சிலோடு நின்றது. சொல்வதற்கு யாராவது வந்தால்தானே?

மாசியில் வீட்டுக்காரர் வந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். மிஸ்மேல் மிகுந்த மரியாதை உள்ளவர். அவருடைய மகளும் மிஸ் போட்ட கால அட்டவணையில் படித்தவள்தானே. மருமகன் அந்த வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கக் கேட்கிறான் என்று சொல்லவே அவர் சங்கடப்பட்டார். மிஸ் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். ஏப்ரல் மாதத்தில் பாதி நாளாவது ஆள் பதிவாகிவிட்டால் வீட்டை இன்னொரு வருடம் வைத்துக்கொள்கிறேன், ஆகாவிட்டால் பங்குனி முடிவதற்குள் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

“நீங்க வாயால சொன்னாப் போதும் மிஸ். எழுத்தெல்லாம் வேண்டாம்,” என்றார் பாய்.

ஏப்ரலுக்கு மிஸ் புதுத் தாள் ஒட்டினார். நாளுக்கு ஒரு கட்டம். யார் பதிவு செய்கிறார்களோ அவர்கள் பெயர் அதில் ஏறும். பங்குனி பிறந்தபோது நாலு கட்டம்தான் நிரம்பியிருந்தது.  மிஸ் வெந்நீர் அண்டாவுக்குப் போட்ட விறகைத் தாமே எண்ண ஆரம்பித்தார். ராணியும் நானும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவருக்குப் பசியில்லை என்று ஆனது.

அப்போதுதான் அவருடைய அக்காவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். ஒரு வாரம் போக வேண்டியிருந்தது. அந்த வாரத்துக்கான கட்டங்களை எல்லாம் படத்தோடு முடித்து வைத்துவிட்டு, பத்து மணிக்கு நீயே அழுத்து என்று போனை என்னிடம் கொடுத்தார். வியாழன் மட்டும் பென்சிலில் இருந்தது. யாராவது வந்து ஏதாவது சொன்னால் போடு, இல்லாவிட்டால் விடு என்றார்.

மன்னவனூர்ப் பக்கம் மார்கழி தையில் புல்லெல்லாம் உறைபனி. வயலில் நிற்கிற பெண்களுக்குக் கன்னம் வெடிக்கும். சிவந்து, தோல் செதில் செதிலாக உரியும். பனி விட்டதும் மாசியில் தானாக ஆறிவிடும். மேல்மலையில் இது யாருக்கும் நோயில்லை, பேசுகிற விஷயமும் இல்லை. தை மாதம் ஆவிப் பெட்டியைப் படம் எடுத்தபோது ராணி அதில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் பிளந்து கிடந்தது. மிஸ் அந்தப் படத்தை ஒதுக்கிவைத்தார். அது போனில் இருந்தது.

புதன்கிழமை ராணியை ஜன்னல் பக்கம் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தேன். பளிங்கு மாதிரி முகம். அவள் கடைத் தைலத்தைத் தொட்டவளே இல்லை. தேன்மெழுகு வாசம் அவளுக்குக் குமட்டும். தேங்காய் எண்ணெய்தான்.

“பனி விட்டா எல்லாருக்கும் சரியாப் போகும்ணே. இதப் போய் எதுக்குப் போடுறீங்க?” என்றாள்.

“கீழ இருக்கிறவங்களுக்கு அது தெரியாதுல்ல,” என்றேன்.

 கடை மூடினால் அவள் திரும்பவும் கேரட் கழுவப் போக வேண்டும். “மிஸ்ஸு ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள். 

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கீழே ராணி சொன்னதாக இரண்டு வரி எழுதினேன். எங்கள் தைலத்தைத் தடவியதாக எழுதினேன். நாலு தடவை படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், எங்கிருந்தெல்லாமோ கேட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஏப்ரல் தாளில் பதினேழு கட்டம் நிரம்பியது. பெயர்களை நான் பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் மிஸ் வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே தாளின் முன்னால் நின்றார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். அப்புறம் பேனாவை எடுத்து எல்லாவற்றின்மேலும் எழுதினார். எழுதும்போது வாய்க்குள் ஏதோ கோயில் பாட்டு ஓடியது. அவர் பாடி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினார். திங்கள் காலை வெள்ளனே போய் பாயிடம் வீடு எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் திருச்சி அம்மா ஒருவர் கூப்பிட்டார். படத்தில் இருக்கும் பெண் தடவிய அதே தைலம் தன் மகளுக்கும் வேண்டும் என்றார். எந்தப் படம் என்று மிஸ் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ராணியைக் கூப்பிட்டார்.

“நீ இதைத் தடவுனியா?”

“இல்ல மிஸ்.”

என்னைப் பார்த்தார். நான்தான் மிஸ் என்றேன். ஏன் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஏதோ வைத்திருந்தேன். அந்தப் படத்தை உடனே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு சுவர்ப் பக்கம் போய் வருகிற வியாழக்கிழமைக் கட்டத்தில், பென்சில் இல்லாமல் நேராகப் பேனாவால் எழுதினார். “போன வியாழன் போட்டது பொய்.”

படத்தைத்தான் எடுத்தாச்சே மிஸ், இன்னும் எதற்கு என்றேன். அதைப் பார்த்துவிட்டுத்தானே அவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அப்படியானால் இன்றைக்கே சொல்லிவிடலாமே என்றாள் ராணி. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பார்த்தவர்கள் வியாழக்கிழமை பத்து மணிக்குத்தான் பார்ப்பார்கள் என்றார். அவருடைய உலகத்தில் அது அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் நன்றாக வந்ததும் வீடியோ எடுத்தோம். அதுவரை தன் முகத்தை அவர் காட்டியதே இல்லை. தலை சீவி, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் போனைப் பிடித்தேன். அவர் பேசினார்.

“போன வாரம் நாங்க போட்ட படத்துல இருக்கிற பொண்ணு எங்க தைலத்தைத் தடவல. மேல்மலையில பனிக்குக் கன்னம் வெடிக்கும். பனி விட்டா தானா ஆறிரும். அதுக்கும் எங்க தைலத்துக்கும் சம்பந்தம் இல்ல. அதை நம்பிப் பேர் குடுத்தவங்க வேண்டாம்னா சொல்லுங்க. மன்னிச்சுக்கங்க.”

முதல் தடவையில் குரல் உடைந்தது. இரண்டாவதில் ஒரு லாரி போனது. மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்தும், கண் கீழே பார்க்கிறது என்று அவருக்குத் திருப்தி இல்லை. ஒன்பது தடவை எடுத்தோம். ஒன்பது தடவையும் நான் அதைக் கேட்டேன். ஆறாவது தடவைக்குப் பிறகு, இதைச் செய்தது வேலைக்காரன் என்று சொல்லுங்கள் மிஸ், அதுதானே நடந்தது என்றேன்.

“நீ உன் பேர்லயா போட்ட? கடை பேர்லதான போட்ட? அப்பக் கடைதான் சொல்லணும். லைட் போகுது, வெரசா பிடி.”

புதன் முழுக்கக் காத்திருந்தேன். அன்றைக்கும் இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். மிஸ் அவர்களிடம் நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மிஸ் மனசு மாறும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மாறவில்லை. வியாழக்கிழமை ஒன்பதரைக்கு அவர் ஆவி அறையைக் கழுவப் போனதும், நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். போனை அணைத்து, விறகுக் கொட்டகையில் அலாரம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. பதினைந்து நிமிடம் நான் நிம்மதியாக இருந்தேன்.

ராணி தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். “அண்ணே, மிஸ்ஸு இதுல வந்துட்டாங்க.”

வியாழக்கிழமை பத்து மணி என்று நேரம் குறித்து மிஸ் வீடியோவைச் செவ்வாய்க்கிழமையே ஏற்றிவிட்டிருக்கிறார். ஏற்றிவிட்டால் அது எங்கேயோ அந்தக் கம்பெனியின் மிஷினில் இருந்து தன் நேரத்துக்குத் தானாகப் போகுமாம். நம் போன் இருந்தாலும் அணைந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஐந்து மாதம் அதைக் கையில் பிடித்தவனுக்கு இது தெரியாது. தினமும் பத்து மணிக்கு அவரே பக்கத்தில் நின்று பார்ப்பார், அவர்தான் அழுத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

போனை எடுத்துப் போய்க் கொடுத்தேன். அது அணைந்திருந்ததைப் பார்த்தார். உயிர்ப்பித்தார். உடனே அடிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம்வரை நின்றுகொண்டே பேசினார். சிலர் திட்டினார்கள். சிலர் நல்ல மனசு என்று பாராட்டிவிட்டு வரவில்லை என்றார்கள். திருச்சி அம்மா, “நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க வந்திருப்போமே,” என்று வருத்தப்பட்டது எனக்கே கேட்டது. ஆமாங்க என்றார் மிஸ். ஒவ்வொரு பெயரின் மேலும் ஒடிந்த ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு. இருட்டும் முன் ஏப்ரல் தாளில் ஆறு பெயர்தான் மிஞ்சியது. அதில் நாலு, நான் அந்தப் படத்தைப் போடுவதற்கு முன்பே இருந்தவை.

வெள்ளிக்கிழமை காலை பாயைப் பார்க்கச் சாவியோடு கிளம்பினார். தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறை இருக்கிறது. பெஞ்சையும் தொட்டியையும் அங்கே போட்டுக்கொண்டு காலுக்கு மட்டும் பார்க்கலாம், ராணி கூட இருப்பாள், தம்பியும் இருக்கட்டும், படம் எடுக்க ஆள் வேண்டும் என்றார். அவருக்குக் கோபம் இருந்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. இல்லை. நேற்று நடந்தது நேற்றோடு முடிந்து, இன்றைக்கு வெள்ளி, தைலம் காய்ச்சும் நாள் என்கிற முகம்தான் இருந்தது. ஒரு அறைக்கு மூன்று பேர் அதிகம் மிஸ் என்றேன்.

அவர் உள்ளங்கையைத் திருப்பி மணி பார்த்தார்.

“இட்லி ஊத்தியாச்சு. சாப்ட்டுட்டுப் போ.”

சாப்பிட்டேன். அவரே பரிமாறினார். வாசல்வரை வரவில்லை. பாய் கடை திறக்கும் நேரம் ஆகியிருந்தது. நான் சந்து ஏறும்போது அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மேட்டில் மூச்சு வாங்கி ஒரு தடவை நின்றார். நான் எட்டிப் பிடிக்காமல் மெதுவாக நடந்தேன். மேலே சாலைக்கு வந்ததும் அவர் பஜார் பக்கம் திரும்பினார். நான் பெருமாள்மலைப் பக்கம் இறங்கினேன்.

அந்த டீக்கடையில் மழை விட்டதும், தாண்டிக்குடி போகும் காய்கறி லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து கொஞ்சம் நடை, கொஞ்சம் ஜீப். பொழுது சாயப் பெரும்பாறைக்கு வந்து சேர்ந்து, ஒரு கடை வாசலில் படுத்தேன். மறுநாள் காலை மிளகு பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு எஸ்டேட் கேட்டில் போய் நின்றேன். மொத்தம் ஐந்து பேர். மிளகு ஏறிப் பழக்கம் உண்டா என்று மேஸ்திரி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்ற நாலு பேரும் உண்டு என்றார்கள். அவர்களில் இரண்டு பேருக்காவது இருந்திருக்காது. புது இடத்தில் நானும் அப்படிச் சொல்லித்தான் நுழைவேன். சொல்லிவிட்டு, செய்கிறவனைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன்.

“உனக்கு?”

“ஏறினதில்லைங்க.”

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுகிறவனுக்குத்தான் முழுக் கூலி என்றார். தெரியும் என்றேன். போய் ஏணியைப் பிடி என்றார். ஒற்றை மூங்கிலில் கணு கணுவாக மிதி விட்ட ஏணி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, அடியை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி நின்றேன். ஒருவன் ஏறினான். அவன் கால் நடுங்குவது மூங்கில் வழியாக என் கைக்குத் தெரிந்தது. மெதுவா ஏறுங்க, நான் விடமாட்டேன் என்றேன். மேலிருந்து இலையும் மிளகுச் சரமும் தலையில் விழ ஆரம்பித்தன.